ஃப்ரெடி இல்லாத புத்தகம்



போன கோடையில் ஒரு குடும்பத்தார் நம் ஆலய நூலகத்துக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொடுத்தார்கள். லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய 'லிட்டில் ஹவுஸ்' வரிசை முழுவதும் அதில் இருந்தது. ஒன்பது வயதான என் மகள் முதல் ஆளாய் எடுத்துக்கொண்டாள். அன்று அடுக்கி வைக்க வந்திருந்த ஒரு அக்கா கேட்டார்: "இது டி.வி.யில் வந்ததுதானே? அதைப் போட்டுக் காட்டினால் போதாதா?" போதாது என்று வேகமாகச் சொல்லிவிட்டேன். குளிர்காலம் முழுக்க வாசித்தும் பார்த்தும் முடித்த பிறகு, அந்தப் பதிலில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாரா 1867இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிறந்தார். அறுபது வயதுக்குப் பிறகு தன் சிறுவயதைக் கதைகளாக எழுதினார். முதல் புத்தகம் 1932இலும் எட்டாவது 1943இலும் வந்தன. தொலைக்காட்சித் தொடர் 1974 முதல் 1983 வரை ஓடியது. அப்பா சார்லஸாக நடித்தவர் மைக்கேல் லாண்டன். உண்மையான அப்பாவுக்கு நெஞ்சைத் தொடும் தாடி. லாண்டனுக்கு மழமழவென்று சிரைத்த முகம். என் மகளுக்கு அதிலேயே பாதி நம்பிக்கை போய்விட்டது.

பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இந்தக் குடும்பம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. விஸ்கான்சின், கான்சஸ், மினசோட்டா, டகோட்டா என்று வண்டி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தொடரோ மினசோட்டாவின் வால்நட் குரோவ் என்ற ஊரில் இவர்களை நிறுத்தி, அக்கம்பக்கம், கடை, ஆலயம், கூப்பிட்டதும் வருகிற டாக்டர் பேக்கர் எல்லாம் கொடுத்துவிடுகிறது. பார்க்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் யாரும் இல்லாத இடத்தில் நோய் வந்தால் என்ன ஆகும் என்பது புத்தகத்தில்தான் தெரியும்.

கான்சஸ் பற்றிய புத்தகத்தில் வீடு முழுவதும் முறைக்காய்ச்சலில் விழுகிறது. ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்க இன்னொருவர் எழும்ப முடியவில்லை. அந்த வழியாகப் போன கறுப்பினத்து டாக்டர் டான் அவர்களைப் பார்த்து, கசப்பு மருந்து கொடுத்துப் பிழைக்க வைக்கிறார். அது நம் ஊர்ப் பெரியவர்கள் கொய்னா என்று சொல்லும் மருந்தேதான். டாக்டர் ஜார்ஜ் டான் உண்மையில் வாழ்ந்தவர். பக்கத்து வீட்டம்மா, தர்ப்பூசணி தின்றதால் வந்த காய்ச்சல் என்கிறார். அப்பா நம்பாமல் தர்ப்பூசணியை வெட்டித் தின்கிறார். இரண்டு பேருக்கும் கொசு மேல் சந்தேகம் வரவில்லை. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897இல், அதுவும் நம் செகந்திராபாத்தில். இந்த அத்தியாயத்தை என் மகளுக்கு நான் இரண்டு தரம் வாசித்தேன். நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா கிடைத்தால் பிள்ளைக்கு இந்தத் தண்டனை உண்டு.

மேரியின் கண்பார்வை விஷயத்தையும் பாருங்கள். அக்கா மேரிக்கு 1879இல், பதினான்கு வயதில், கடுமையான காய்ச்சல் வந்து பார்வை போனது. புத்தகம் அதை ஸ்கார்லெட் காய்ச்சல் என்கிறது. தொடரும் அதையே பிடித்துக்கொண்டது. 2013இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை, அந்தக் காலத்துச் செய்தித்தாள்களையும் லாராவின் கடிதங்களையும் அலசி, மூளையையும் அதன் உறையையும் சேர்த்துத் தாக்கும் வைரஸ் நோயாக இருந்திருக்கலாம் என்கிறது. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

தொடர் இதை 1978இல் இரண்டு பகுதிகளாகக் காட்டியது. அழுகை, ஆத்திரம், பார்வையற்றோர் பள்ளி, அங்கே ஆடம் என்ற ஆசிரியர். பிறகு மேரிக்கும் ஆடமுக்கும் கல்யாணம், தீ விபத்தில் குழந்தை இறப்பது, கடைசியில் ஆடமுக்கு மட்டும் பார்வை திரும்புவது. இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. மேரி அயோவாவில் பார்வையற்றோர் கல்லூரியில் படித்தார், கல்யாணம் செய்யவில்லை, வீட்டாரோடு வாழ்ந்து 1928இல் இறந்தார்.

புத்தகத்தில் நோய் முதல் சில பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இனி நீதான் அக்காவுக்குக் கண் என்று அப்பா லாராவிடம் சொல்கிறார். அன்று முதல் ரயில் பெட்டியின் சீட்டு என்ன நிறம், வானம் எப்படி இருக்கிறது, எதிரே யார் வருகிறார்கள் என்று லாரா சொல்லிக்கொண்டே வருகிறாள். மேரியைக் கல்லூரிக்கு அனுப்பப் பணம் வேண்டும் என்று ஒரு நாளைக்கு 25 சென்ட் கூலிக்குச் சட்டை தைக்கிறாள். கதையில் பதினைந்து வயதிலேயே, பிடிக்காத வாத்தியார் வேலைக்கும் போகிறாள். எங்கள் குழந்தைகள் பிரிவில் நான் தினமும் பார்ப்பது இந்த லாராக்களைத்தான். நோய்ப்பட்ட பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒருவரும் கவனிக்காத நாற்காலியில், வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணனோ தங்கையோ. தொடர் கண்ணீரைக் காட்டுகிறது, புத்தகம் வேலையைக் காட்டுகிறது.

இதுவரை கணக்குப் போட்டால் புத்தகத்துக்குத்தான் வெற்றி. ஆனால் ஃப்ரெடி இருக்கிறானே.

லாராவுக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் சார்லஸ் ஃப்ரெடரிக். 1875 நவம்பர் 1 அன்று பிறந்து, 1876 ஆகஸ்ட் 27 அன்று, பத்து மாதம் நிறையுமுன் இறந்துபோனான். லாராவுக்கு அப்போது ஒன்பது வயது. எட்டுப் புத்தகங்களிலும் அவன் இல்லை. 'ஆன் தி பாங்க்ஸ் ஆஃப் பிளம் கிரீக்' முடிந்து அடுத்த புத்தகம் தொடங்கும்போது சில வருஷங்கள் காணாமல் போகின்றன. அவன் பிறந்ததும் இறந்ததும் அந்த இடைவெளியில்தான். 2014இல் அச்சான 'பயனீர் கேர்ள்' என்ற அவருடைய பழைய குறிப்புகளில் மட்டும் சில வரிகள் உண்டு.

இவ்வளவு கதை கட்டிய தொலைக்காட்சிதான் ஃப்ரெடியைக் காட்டியது. 1974 டிசம்பரில் வந்த அந்தக் கதைக்குத் தலைப்பு 23ஆம் சங்கீதத்தின் முதல் வரி. ஆண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அப்பா தன்னை மறந்துவிட்டார் என்று லாராவுக்குப் பொறாமை. குழந்தைக்கு நோய் வரும்போது, அவனுக்காக ஜெபிக்க மறுத்துவிடுகிறாள். குழந்தை இறந்துவிடுகிறது. தன்னால்தான் என்று முடிவு செய்துகொண்டு, என்னை எடுத்துக்கொண்டு தம்பியைத் திருப்பித் தாரும் என்று கடவுளிடம் கேட்க மலை ஏறுகிறாள். (மினசோட்டாச் சமவெளியில் அப்படி ஒரு மலை கிடையாது. படம் பிடித்தது கலிபோர்னியாவில்.) மலையில் ஒரு விநோதமான பெரியவர் வருகிறார், ஆறுதல் சொல்கிறார், மறைந்துவிடுகிறார். தேவதூதன் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதி எனக்கு ஒட்டவில்லை. மற்றதெல்லாம் ஒட்டிவிட்டது.

பாளையங்கோட்டையிலிருந்து என் அம்மா வந்து எங்களோடு இருந்த மாதம் அது. மகள் நடுவில், நாங்கள் இருவரும் இரண்டு பக்கம். எனக்கும் ஒரு தம்பி இருந்தான். எட்டு மாதம். எனக்கு ஐந்து வயது. இரவெல்லாம் அழுகிறான் என்று எரிச்சலில், "இந்தப் பாப்பாவை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்திருவோம்மா" என்று ஒருநாள் சொன்னேன். சில வாரங்களில் காய்ச்சல் வந்து அவனை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். என்னை ஆச்சி வீட்டில் விட்டார்கள். திரும்பி வந்தபோது தொட்டில் கட்டிய கயிறுகூட விட்டத்தில் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை மனது நோகக்கூடாது என்றுதான் சொல்லாமல் விட்டிருப்பார்கள். நானும் கேட்கவில்லை.

நர்சிங் படிக்கும்போது, சின்னப் பிள்ளைகள் தாங்கள் நினைத்ததாலும் சொன்னதாலும்தான் சாவு வந்தது என்று நம்புவார்கள் என்று பாடத்தில் இருந்தது. பரீட்சையில் நன்றாகவே எழுதினேன். வேலையில் எத்தனையோ பிள்ளைகளிடம் குனிந்து, "நீ சொன்னதால் இல்லை கண்ணு" என்று சொல்லியும் இருக்கிறேன். அம்மாவிடம் மட்டும் கேட்டதில்லை.

படம் முடிந்தபோது அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. நீ சொன்னதாலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தியாட்டி இவ்வளவு நாளும்?" என்றார்கள். பிறகு அவன் பெயரைச் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் கேட்கிறேன். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அவங்க எனக்கு மாமாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றோம். எட்டு மாதப் பிள்ளை எப்படி மாமாவாக முடியும் என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. அம்மாவும் சிரித்துவிட்டார்கள்.

லாரா ஏன் தம்பியை விட்டுவிட்டார் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை பார்த்த சாவை அறுபது வயதில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று என் அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது நான் உயர்த்திப் பேசும் புத்தகம் இல்லை, குறைத்துப் பேசிய டி.வி.

கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு இரண்டு விஷயம். கான்சஸ் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், கூட உட்கார்ந்து வாசியுங்கள். இவர்கள் வீடு கட்டியது ஒசேஜ் பூர்வகுடிகளின் நிலத்தில். அந்த மக்களைப் பற்றி அங்கே வரும் சில பேச்சுகள் நம் பிள்ளைகள் கேட்டுப் பழகக் கூடாதவை. இதனால்தான் 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு, ஒரு விருதிலிருந்து லாராவின் பெயரையே எடுத்துவிட்டது. மற்றவர் நிலத்தில் குடியேறி வாழ்வது பற்றிப் பேச, வெளிநாட்டில் இருக்கும் நமக்கும் விஷயம் உண்டு.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் 'தி லாங் விண்டர்' வாசியுங்கள். 1880-81 பனிக்காலத்தில் ரயில் நின்றுபோய், காய்ந்த புல்லை முறுக்கி எரித்து, காப்பிக்கொட்டை அரைக்கும் கைமில்லில் கோதுமையை அரைத்துத் தின்ற கதை. நம் ஊர்ப் பனியைப் பற்றி முணுமுணுப்பது ஒரு வாரத்துக்காவது நிற்கும்.

புத்தகங்கள் நூலகத்தில் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. 'பிளம் கிரீக்' மட்டும் என் மகளிடம். ஈஸ்டருக்குள் திருப்பி வைத்துவிடுவாள்.