பெயர் மாறிற்று, இழிவு நீங்கிற்றா?

திருத்தணிக்கு மேற்கே உள்ள ஆர்.கே.பேட்டை தறிகளின் ஊர். தமிழும் தெலுங்கும் சேர்ந்து ஒலிக்கும் பிரதேசம் அது. எல்லைக் கிளர்ச்சியின் பலனாக 1960-ல் சித்தூர் ஜில்லாவை விட்டு நம் ராஜ்யத்துடன் வந்து சேர்ந்த திருத்தணிப் பகுதியைச் சார்ந்தது. சமீபத்தில் அங்கே கடைத்தெருவில் நாம் நின்றுகொண்டிருந்தபோது நடந்த ஒரு சிறு சம்பவம் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

ஒரு தாயார் தம் மகளுடன் கடைக்கு வந்து, "வெள்ளையாக்குற கிரீம் ஒண்ணு குடுங்கண்ணா" என்று கேட்டார். கடைக்காரர் சரமாகத் தொங்கிய பொட்டலங்களில் ஒன்றைக் கிழித்து எடுத்து, "இப்போ இதுக்குப் பேரு மாறிப்போச்சும்மா" என்றார். "பேரு எதுவா இருந்தா என்ன? ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வராங்க" என்று சொல்லிவிட்டு அந்தத் தாயார் காசை எண்ணி வைத்தார். மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பட்டப் படிப்பு முடித்தவள் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

அந்தத் தாயாரை நாம் குறை கூற மாட்டோம். அவருக்குத் தம் மகள்மீது உள்ள அன்பில் குறைவில்லை. ஆனால், பெற்ற பெண்ணின் மேனியைப் பரிகாரம் தேட வேண்டிய ஒரு பிணியாக எண்ணும்படி அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? களிம்பின் பெயர் மாறிய பிறகும் அந்தப் பாடம் ஏன் மாறவில்லை? நம் தேசத்தின் மானத்தைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் இக்கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாவோம்.

கறுப்பைக் கழுவும் வித்தை

இந்த வியாபாரத்தின் பூர்வோத்தரம் நேயர்கள் அறியத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பேர்ஸ் சோப்புக்காக வெளியான சித்திரம் ஒன்றில், ஒரு நீக்ரோக் குழந்தையைத் தொட்டியில் உட்கார வைத்து வெள்ளைக் குழந்தை சோப்புப் போடும். குளித்து எழுந்தால் கழுத்துக்குக் கீழே அக்குழந்தை வெளுத்திருக்கும். 1899-ல் அதே சோப்புக்கு வந்த விளம்பரம் ஒன்று, வெள்ளையன் சுமக்க வேண்டிய பாரத்தின் முதற்படி கறுப்பு ஜாதிகளுக்குச் சுத்தத்தைக் கற்பிப்பதே என்று கூசாமல் கூறிற்று. ஒரு ஜாதியின் நிறமே அழுக்கு என்பதுதான் இவற்றின் பொருள். அடிமைப்பட்ட நாடுகளைச் சுரண்டுவதற்குத் துப்பாக்கி எவ்வளவு உதவிற்றோ, அவ்வளவு இந்தப் பொருளும் உதவிற்று.

பேர்ஸ் கம்பெனி 1917-ல் லீவர் சகோதரர் கம்பெனியின் வசமாயிற்று. லீவருடைய 'ஸன்லைட்' சோப்போ 1888-லேயே கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டது. 1956-ல் ஹிந்துஸ்தான் லீவர் என்ற பெயரில் இத்தேசத்திலிருந்த லீவர் கம்பெனிகள் ஒன்றாயின. அக்கம்பெனியார்தான் 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகக் களிம்பை நமது கடைகளுக்கு அனுப்பினார்கள். வெள்ளையன் மூட்டை கட்டிக்கொண்டு போய் 28 வருஷங்கள் கழிந்த பின்பு, வெள்ளை மட்டும் டப்பியில் அடைபட்டுத் திரும்பி வந்தது!

அந்தக் களிம்பினால் ஆவதுதான் என்ன? அதில் உள்ள முக்கிய வஸ்து நியாசினமைடு. பி-3 வைட்டமினில் ஒரு வகை. தோலின் கறுப்புச் சத்து மேல் அடுக்குகளுக்கு வந்து சேருவதை அது சற்றுத் தாமதப்படுத்தும். வெயிலைத் தடுக்கும் சில மருந்துகளும் கூடச் சேர்ந்திருப்பதால், வெயிலில் கறுத்த முகம் கொஞ்சம் தெளியலாம். பிறவி நிறத்தை மாற்ற அதற்குச் சக்தியில்லை. கொளுத்தும் வெயிலிலிருந்து நம் உடலைக் காப்பதற்காக இயற்கை அன்னை அளித்த கவசமே அந்தக் கறுப்பு. கவசத்தைக் களங்கம் என்று சொல்லி நம்மிடம் காசு வாங்கினார்கள்.

தகப்பன் வாயில் வைத்த வார்த்தை

களிம்பைவிடக் கொடியது அதன் விளம்பரம். டெலிவிஷனில் வந்த ஒரு சிறு கதையை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். வருமானம் போதாத ஒரு தகப்பனார், "ஒரு பிள்ளை இருந்திருந்தால்!" என்று பெருமூச்சு விடுகிறார். அதைக் கேட்டு அவருடைய கறுத்த மகள் குன்றிப் போகிறாள். பிறகு களிம்பு வருகிறது, நிறம் வெளுக்கிறது, ஆகாய விமானத்தில் உத்தியோகம் கிடைக்கிறது, தகப்பனாரைப் பெரிய ஹோட்டலுக்கு அழைத்துச் செல்கிறாள், அவர் முகம் மலர்கிறது.

பெண்ணாய்ப் பிறந்தது ஒரு குறை. கறுப்பாய்ப் பிறந்தது மறு குறை. படிப்பும் உழைப்பும் கணக்கில் சேரா. இத்தனை விஷமும் அரை நிமிஷத்துக்குள் அடக்கம். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தார் இதை எதிர்த்து 2002-ல் கம்பெனியாரிடம் முறையிட்டனர். பலன் இல்லாமற் போகவே தேசிய மனித உரிமைக் கமிஷனை அணுகினர். விஷயம் செய்தி ஒலிபரப்பு இலாகாவுக்குப் போயிற்று. 2003-ல் இரண்டு விளம்பரங்கள் டெலிவிஷனிலிருந்து மறைந்தன. அதே வருஷத்தில், பெண்களின் கல்விக்கு உதவித் தொகை வழங்க, அந்தக் களிம்பின் பெயராலேயே ஒரு தர்ம ஸ்தாபனத்தைக் கம்பெனியார் தோற்றுவித்தார்கள். கன்னத்தில் அறைந்த கையே காசையும் நீட்டியது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. 2017-ல் அமெரிக்காவில் 'டவ்' சோப்புக்காக வெளியான விளம்பரத்தில் ஒரு கறுப்பு மாது சட்டையைக் கழற்றியதும் வெள்ளை மாதாக மாறுவது போலக் காட்டினார்கள். கண்டனம் கிளம்பிய உடனே கம்பெனியார் அதை அகற்றி மன்னிப்புக் கோரினர். அந்த 'டவ்' யாருடையது? லீவரின் வாரிசான யூனிலீவருடையதே. அமெரிக்காவில் ஒரு முறை காட்டியதற்கு மன்னிப்பு. அதே மாற்றத்தை இந்தியாவில் வருஷக் கணக்காகக் காட்டியதற்கு விற்பனை வளர்ச்சி! அமெரிக்கக் கறுப்பருக்கு உண்டான மானம் நமக்கு இல்லை என்றா கம்பெனியார் நினைத்தார்கள்? அல்லது நாம் கேட்கவில்லை என்பதனால் கொடுக்கவில்லையா?

2020-ஆம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி மினியாபோலிஸ் நகரில் போலீஸ்காரன் ஒருவனுடைய முழங்காலின் கீழ் ஜார்ஜ் ஃபிளாய்ட் உயிர் நீத்தார். உலகம் கொதித்தெழுந்தது. ஜூன் மாதத்தில் ஜான்ஸன் அண்ட் ஜான்ஸன் கம்பெனி தன் வெண்மைக் களிம்புகளின் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. யூனிலீவர் களிம்பை நிறுத்தவில்லை. பெயரை மட்டும் மாற்றியது. ஜூலை 2-ந் தேதி 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. 'வெண்மை' இருந்த இடத்தில் 'பொலிவு' ஏறிற்று. டப்பியின் மேல் இருந்த இரட்டை முகத்தையும் நிறப்படியையும் அதற்கு முந்திய வருஷமே எடுத்துவிட்டதாகக் கம்பெனியார் சொல்லிக்கொண்டனர். இவை நல்ல மாறுதல்களே, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆர்.கே.பேட்டைத் தாயாரின் காதில் 45 வருஷம் ஓதியதை ஒரு சொல்லை அழித்துத் துடைத்துவிட முடியுமா? மினியாபோலிஸில் ஓர் உயிர் போனால்தான் நம் பெண்களின் மானம் கம்பெனியாருக்கு ஞாபகம் வருமா?

சுதேசிக் குற்றம்

அந்நியக் கம்பெனியை வைவதோடு நிறுத்திக்கொள்வது நமக்கு எளிது; அது நியாயமாகாது. கல்கத்தாவைச் சேர்ந்த எமாமி கம்பெனி 2005-ல் ஆண்களுக்கென்றே 'ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம்' களிம்பைக் கொணர்ந்து, பிரபல நட்சத்திரத்தைக் கொண்டு அதைப் புகழச் செய்தது. நம் சென்னையைச் சேர்ந்த கவின்கேர் கம்பெனியும் 1990-களின் இறுதியில் 'ஃபேரெவர்' களிம்புடன் இப்போட்டியில் இறங்கிற்று. நம்மவர் செய்தால் இழிவு இழிவல்லாமற் போய்விடுமோ? சுதேசியம் என்பது சரக்கு எங்கே தயாராயிற்று என்பதோடு முடிகிற விஷயமன்று. அது தன் ஜனங்களை எப்படி மதிக்கிறது என்பதும் அதில் அடங்கும்.

நம்மிடையே நல்ல எதிர்ப்பும் தோன்றாமல் இல்லை. சென்னையில் கவிதா இம்மானுவேல் என்ற அம்மையார் ஆரம்பித்த 'விமன் ஆஃப் வொர்த்' சங்கத்தார் 2009 முதல் 'கறுப்பே அழகு' என்று பிரசாரம் செய்து வந்தனர். 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணை நின்றதும் நாடெங்கும் பேச்சாயிற்று. விளம்பரத் தொழிலாளர் தாமே அமைத்துக்கொண்ட தரக் கவுன்ஸில் 2014-ல், கறுத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகவோ வாழ்வில் தோற்றவர்களாகவோ காட்டலாகாது என்று விதி வகுத்தது. கோத்தகிரியில் பிறந்த நடிகை சாய் பல்லவி, சுமார் 2 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட களிம்பு விளம்பரத்தை 2019-ல் வேண்டாம் என்று தள்ளினார். பெரிய நட்சத்திரங்களுக்கு வராத துணிவு அந்த இளம் பெண்ணுக்கு வந்தது.

நம் வீட்டுக் கண்ணாடி

இனி நம் ஆண்மக்களைப் பார்த்து ஒரு வார்த்தை. 1893-ல் மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியடிகளை வண்டியிலிருந்து தள்ளிய கதையை நாம் மேடைதோறும் சொல்லுகிறோம். சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் தம்பிக்குப் பெண் தேடுகிறோம். "பெண் நல்ல சிவப்பா?" என்று முதல் கேள்வி கேட்கிறோம். மணப்பெண் தேவை என்று பத்திரிகைக்கு எழுதும்போது 'சிவந்த நிறம்' என்று ஒரு வரி சேர்க்கிறோம். கறுப்பு என்று எழுத நா எழாமல் 'மாநிறம்' என்று மழுப்புகிறோம். காசு வாங்கிக்கொண்டு அதைப் பிரசுரிக்கும் பத்திரிகைகளும் இந்தப் பாவத்தில் பங்காளிகளே. பத்திரிகைத் தொழிலில் உள்ள நாம் இதைச் சொல்லாமல் ஒளித்தால் நமக்கு மற்றவரைக் கண்டிக்க யோக்கியதை ஏது? கம்பெனியார் நம்முள் இல்லாததைப் புதிதாக உண்டாக்கவில்லை. இருந்த நோயைக் கண்டுபிடித்து அதை விசிறி வளர்த்து விற்றார்கள்.

இத்தனைக்கும் நாம் எந்த மரபின் சந்ததியார்? காடுறை தெய்வத்தை மாயோன், கரியவன் என்று தமிழர் அழைத்தனர். நம் வட ஜில்லாக்களில் பதினெட்டு நாள் பாரதம் படித்து, கூத்தாடி, தீ மிதித்துக் கும்பிடுகிறோமே அந்தத் திரௌபதி அம்மனுக்குக் கிருஷ்ணை என்று மறு பெயர். கறுத்தவள் என்பது அதன் பொருள். கறுத்தவளுக்காக நெருப்பில் இறங்குகிறவன், கறுத்த பெண்ணைப் பார்த்துவிட்டு "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்து போகிறான்!

செய்ய வேண்டியது

கண்டனத்தோடு நிற்பதில் பயனில்லை. 1994-ல் வகுத்த கேபிள் டெலிவிஷன் விதிகளின் 7-ஆம் விதி, இனத்தையோ ஜாதியையோ நிறத்தையோ இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்று கூறுகிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய் விளம்பரம் செய்பவருக்கும் அதற்கு முகம் கொடுக்கும் பிரபலஸ்தருக்கும் முதல் முறை 10 லக்ஷம், மறுமுறை 50 லக்ஷம் வரையில் அபராதம் போட இடம் தருகிறது. சட்டம் இருக்கிறது, அதை எழுப்புகிறவர்கள்தான் குறைவு. 2013-ல் 79 ரூபாய் கொடுத்து எமாமியின் களிம்பை வாங்கிப் பூசி, நிறம் மாறவில்லை என்று வழக்காடிய டில்லிவாசி ஒருவருடைய மனுவின்மேல், 2024 டிசம்பரில் அங்குள்ள நுகர்வோர் கமிஷன் கம்பெனிக்கு 14.5 லக்ஷம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒரு தனி மனிதர் 11 வருஷம் சலிக்காமல் நின்றதன் பலன் அது. ஊருக்கு ஒரு சங்கம் வைத்திருக்கும் நம் ஊழியர்கள், இத்தகைய விளம்பரம் கண்ணில் பட்ட அன்றே ஒரு புகார் எழுதினால் என்ன?

பத்திரிகைகள் மண விளம்பரத்தில் நிறத்தைக் குறிப்பிடும் வரியை ஏற்க மறுக்கட்டும். பெண் பார்க்கப் போகும் வாலிபன் நிறத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது வாய் திறந்து தடுக்கட்டும். இது சட்டமும் சர்க்காரும் செய்யக்கூடிய காரியமன்று. நாம் செய்ய வேண்டியது.

ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர்களுக்கு நிறத்தைப் பற்றி நாம் போதிக்க வேண்டியதில்லை. கறுப்பு நூலும் வெள்ளை நூலும் அவர்கள் கையில் ஒரே எடைதான். இழை அறாமல் நிற்கிறதா, சாயம் போகாமல் இருக்கிறதா என்பதையே அவர்கள் பார்ப்பார்கள். நூலுக்குக் காட்டும் அந்த நியாயத்தைத் தம் பெண்ணுக்கும் அவர்கள் காட்டத் தலைப்பட்டால், கடைக்காரரின் சரத்தில் தொங்கும் பொட்டலங்கள் கேட்பாரற்றுத் தொங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் என்ன சொல்லிப் போனார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி அவளுடைய படிப்பைப் பற்றியதாக இருந்திருந்தால், இந்தத் தேசம் விடுதலையில் இன்னும் ஓர் அடி முன்னேறியிருக்கும்.