தூக்கு படகை, ஏறு கரையில்! வெள்ள ஆறுகளின் விந்தைகள் தெரியுமா?

மேட்டூர் அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று மழைக்காலத்தில் தினமும் செய்தி வருகிறதே, அதே கன அடிக் கணக்கைத்தான் அமெரிக்காவில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டும் வீரர்களும் காலையில் எழுந்ததும் பார்க்கிறார்கள், தெரியுமா? அங்கே ஆறுகளின் நீர்வரத்தைப் புவியியல் ஆய்வுத் துறை உடனுக்குடன் வெளியிடுகிறது. டெல்டா விவசாயிக்கு எண் ஏற ஏறக் கொண்டாட்டம். கயாக்காரருக்கு ஓர் எல்லை வரைதான் கொண்டாட்டம். அதைத் தாண்டிவிட்டால், கார் மேல் கட்டிய படகை அவிழ்க்காமலே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்!

காவிரியில் 2 லட்சம் கன அடி வந்தாலே கரையோர ஊர்களில் ஒலிபெருக்கி அலறும். ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றில் ஆண்டுச் சராசரியே 14 லட்சம் கன அடிக்கு மேல்! கடலை நெருங்கும் முன் அவ்வளவு நீரும் இங்கா என்ற இடத்தில் முண்டியடித்துக்கொண்டு இறங்குகிறது. 1985இல் பிரான்சின் தொலைக்காட்சிப் பிரபலம் பிலிப் டி டியூலவூவும் அவருடைய குழுவினரும் ரப்பர் படகுகளில் போய் அங்கே காணாமல் போனார்கள். 2011இல் ஸ்டீவ் ஃபிஷர், டைலர் பிராட், பென் மார், ரஷ் ஸ்டர்ஜஸ் என்ற நால்வர் கயாக்கில் இறங்கி உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த பிராட், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வாஷிங்டன் மாநிலத்தின் பலூஸ் அருவியிலிருந்து கயாக்கோடு குதித்தவர். உயரம் 57 மீட்டர்! பட்ட காயம் மணிக்கட்டில் ஒரு சுளுக்கு. ஆனால் 2011இல் ஆரிகன் மாநிலத்தின் அபிக்வா என்ற, உயரத்தில் பாதிகூட இல்லாத அருவியில் குதித்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். எண்ணைப் பார்த்து ஆற்றை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, வெள்ளம் ஏறும்போது ஆற்றுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது! ஆனாலும் வேடிக்கை பாருங்கள், வெள்ளத்தில் சில ஆபத்துகள் காணாமலே போய்விடும். நேற்று பல்லைக் காட்டிய பாறை இன்று பத்தடி ஆழத்தில் கிடக்கும். மேலே வழவழவென்று நீர் ஓடும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். பாறையோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விடுகிறது என்பதுதான் சூட்சுமம். பாறைக்குப் பின்னால், நீர் மெதுவாக எதிர்த்திசையில் திரும்பி ஓடும் ஒரு மறைவு இருக்கும். கயாக்காரர் ஒதுங்கி, மூச்சு வாங்கி, அடுத்த இறக்கத்தை எட்டிப் பார்ப்பது அங்கேதான். வெள்ளத்தில் அந்த ஒதுங்குமிடங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. கரையோர மரங்களுக்குள் நீர் புகுந்துவிடுவதால் கரையேறவும் வழியில்லை. நீரைப் போகவிட்டு மனிதனைப் பிடித்துக்கொள்ளும் கிளைகள் அவை. ஆக, போதும் என்று நிறுத்தும் முடிவை ஆற்றுக்குள் எடுக்க முடியாது. இறங்குவதற்கு முன்பே கரையில் எடுத்தாக வேண்டும். வெள்ள ஆற்றின் மிகப் பெரிய அதிசயம் எனக்கு இதுதான்.

பெரிய அருவிகளை விட்டுத் தள்ளுங்கள், ஆறடி உயரத் தடுப்பணை இன்னும் பொல்லாதது, தெரியுமா? கரைக்குக் கரை ஒரே சீராக விழும் நீர், அடியில் போய் மேலெழும்பி மறுபடி அணையை நோக்கியே ஓடும். விழுந்தவரை இழுத்து, அமுக்கி, மேலே விட்டு, மீண்டும் இழுக்கும். இயற்கையான அருவியில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும். மனிதன் மட்டம் பார்த்துக் கட்டியதில் அதுவும் கிடையாது. மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு மட்டும் தெரியும். நம் ஊர்த் தடுப்பணைகளில் குளிக்கப் போகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

கவிழ்ந்த கயாக்கைவிட்டு வெளியே வராமல், தலைகீழாகத் தொங்கியபடியே துடுப்பை வீசி நிமிரும் வித்தையைப் பார்த்திருப்பீர்கள். அது கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்களுடையது. சீல் தோல் படகைவிட்டு உறைநீரில் விழுந்தால் சாவு என்பதால் பிறந்த வித்தை. ஆஸ்திரியாவின் பவ்லாட்டா, படித்தறிந்ததை வைத்தே 1927இல் அதைத் தானாகச் செய்து காட்டினார். இங்கிலாந்தின் ஜினோ வாட்கின்ஸ் கிரீன்லாந்துக்கே போய் வேட்டைக்காரர்களிடம் கற்றார். 1932இல் அதே கிரீன்லாந்தில், தனியாகச் சீல் வேட்டைக்குப் போன அவருடைய கயாக் மட்டும் மிதந்து வந்தது.

இப்போது திபெத்துக்குப் போவோமா? நம் பிரம்மபுத்திராதான் அங்கே சாங்போ. 7,782 மீட்டர் உயர நம்சா பர்வாவையும் 7,294 மீட்டர் உயர கியாலா பெரியையும் பிளந்துகொண்டு போகும் பள்ளத்தாக்கு அது. 1998இல் அமெரிக்கர்கள் ஒரு குழுவாக வந்தார்கள். தலைவர் விக் வாக்கர். துடுப்புப் போடுகிறவர்களில் ஒருவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஜேமி மெக்கூவன். இன்னொருவர் வேதியியல் படித்த டக் கார்டன். அந்த ஆண்டு பருவமழை கொட்டித் தீர்த்திருந்தது. ஆறு அவர்கள் கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு பெருகிக் கிடந்தது. அனுமதி வாங்கி, பணம் திரட்டி, உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள் என்ன செய்வார்கள்? நடுவெள்ளத்தைத் தொடாமல் ஓரமாகவே போகலாம், முடியாத இடங்களில் படகைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் நடக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பொறுப்பற்ற முடிவு என்று சொல்லிவிட முடியாது. பல நாள் அப்படியே போனார்கள். அக்டோபர் 16 அன்று, ஓரத்தில் இருந்த ஒரு சிறிய இறக்கம் கார்டனின் படகைப் பின்புறமாகக் கவிழ்த்து நடு ஆற்றில் தள்ளியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. பயணம் அங்கேயே கைவிடப்பட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஆற்றுக்கு ஸ்காட் லிண்ட்கிரென் தலைமையில் ஏழு பேர் வந்தார்கள். எப்போது வந்தார்கள் என்பதுதான் சாமர்த்தியம். உறைபனிக் குளிர்காலத்தில், நீர் மிகவும் வற்றியிருக்கும் வேளை பார்த்து! மேல்பகுதிப் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். அதற்குக் கீழே செங்குத்துச் சுவர்களும் அருவிகளும். அங்கே வீரம் பேசவில்லை. கயாக்கை முதுகில் கட்டிக்கொண்டு பனி மூடிய கணவாயில் ஏறி வெளியேறினார்கள்.

படகை ஹெலிகாப்டரில் ஏற்றி ஆற்றைக் கடப்பவர்கள் உண்டு, தெரியுமா? கனடாவிலிருந்து அலாஸ்காவுக்குப் பாயும் ஆல்செக் ஆற்றில் டர்ன்பேக் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்றும் சுற்றுலாக் குழுக்கள் அந்த இடம் வந்ததும் ஹெலிகாப்டரை வரவழைத்து ஆளையும் படகையும் அதன் தலைக்கு மேலே தூக்கிப் போகின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் 1971இல் தன்னந்தனியாகக் கயாக் ஓட்டியவர் வால்ட் பிளாக்கடார், 49 வயது டாக்டர்! பிழைத்து வந்து, இனி யாரும் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின், தான் வாழ்ந்த ஐடஹோ மாநிலத்தின் ஓர் ஆற்றில், குறுக்கே விழுந்து கிடந்த மரத்தில் சிக்கி இறந்தார்.

எவரெஸ்டை வென்ற ஹிலாரியின் படகுகளைக் கங்கை தடுத்து நிறுத்தியது தெரியுமா? 1977இல் அவர் கடலிலிருந்து ஜெட் படகுகளில் கங்கையை எதிர்த்து ஏறினார். நந்தப்பிரயாகைக்கு அருகே, கங்கையின் தலையாறான அலக்நந்தாவில் ஓர் அருவி குறுக்கே நின்றது. படகுகளை அங்கேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். ஆனால் மலையில் ஏற ஏற உயர நோய் தாக்கி, ஹெலிகாப்டரில்தான் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது!

ஆப்பிரிக்காவின் சாம்பசியில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது படகுப் பயணங்களை நிறுத்திவிடுகிறார்கள். ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஏறினால் பரிசலுக்குத் தடை. இமயத்தின் பனியாறுகளில் கணக்கு நாளுக்கு நாள் அல்ல, மணிக்கு மணி மாறும். வெயிலில் பனி உருகி, காலையில் சாதுவாக இருந்த ஆறு பிற்பகலில் வேறு ஆறாகிவிடும். அதனால் விடியலிலேயே இறங்கி, மதியத்துக்குள் கரையேறிவிடுவார்கள்.

சாங்போவில் படகைச் சுமந்து நடந்த லிண்ட்கிரெனுக்கு ஒரு கனவு: கயிலாய மலைப் பகுதியில் பிறக்கும் கர்னாலி, சட்லெஜ், சாங்போ, சிந்து நான்கிலும் கயாக் ஓட்ட வேண்டும். முதல் மூன்றை 2002க்குள் முடித்துவிட்டார். நடுவில் மூளையில் கட்டி என்றார்கள் டாக்டர்கள். சிந்து நதிக்கு அவர் 2017 வரை காத்திருந்தார்.