சோடியம் கொதித்தால் என்ன ஆகும்? கல்பாக்கம் வகை அணு உலையின் ‘கோர்’ சிக்கல்

கூடங்குளம் அணு உலையைக் குளிர்விப்பது தண்ணீர். கல்பாக்கத்தில் உள்ள 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் அந்த வேலையைச் செய்வது உருகிய சோடியம். சரி, விபத்தில் இந்தத் திரவம் கொதித்து ஆவியாகிப் போனால்?

கூடங்குளம் வகை உலையில் பதில் ஓரளவு ஆறுதலானது. நியூட்ரானின் வேகத்தைக் குறைப்பதே தண்ணீர்தான். அது போனால் தொடர்வினையும் தளர்ந்துவிடும். (மிச்ச வெப்பத்தை ஆற்றுவது தனித் தலைவலி.) சோடியம் உலையில் கதை தலைகீழாகப் போகலாம்.

இத்தனைக்கும் சோடியம் நல்ல குளிர்விப்பான். 98 டிகிரி செல்சியஸில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். கோரிலிருந்து வெளியேறும்போது அதன் வெப்பம் 550 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கொதிக்க இன்னும் 300 டிகிரிக்கு மேல் இடைவெளி. தண்ணீர் உலை போல அதிக அழுத்தமும் வேண்டாம்.

பிறகு எங்கே பிரச்சினை? அதிவேக உலையில் நியூட்ரான்கள் வேகமாகவே ஓட வேண்டும். சோடியம் அணுக்களில் மோதி அவை கொஞ்சம் வேகம் இழக்கும். சோடியம் காலியானால் அந்தத் தடை இல்லை. வேகமான நியூட்ரான் புளூட்டோனியத்தைப் பிளந்தால், வெளிவரும் புது நியூட்ரான்களும் அதிகம். சிம்பிளா சொன்னா, பிரேக் போட வேண்டிய நேரத்தில் ஆக்ஸிலரேட்டர் அழுத்தப்படுகிறது. அதேசமயம், காலியான இடம் வழியாக நியூட்ரான்கள் கோரை விட்டுத் தப்பவும் செய்யும். இந்த இரண்டில் எது ஜெயிக்கும் என்பதை முடிவு செய்வது கோரின் அளவும் வடிவமும்தான். சின்ன கோரில் தப்புவது அதிகம். பெரிய கோரின் நடுவில் பிறக்கும் நியூட்ரானுக்கோ தப்ப வழியே இல்லை.

அண்டாவில் இருக்கும் சுடுசோறு ஆறாது, தாம்பாளத்தில் பரப்பினால் ஆறிவிடும். அதே கணக்குதான் இங்கேயும். கோரைத் தட்டையாக அமைத்தால் மேலும் கீழும் நியூட்ரான்கள் எளிதாக வெளியேறும்.

பிரான்ஸின் ‘ஆஸ்ட்ரிட்’ திட்டம் இதில் இன்னும் ஒரு படி போனது. எரிபொருளுக்கு மேலே சோடியம் மட்டும் நிறைந்த ஓர் அடுக்கு. கொதிப்பு பெரும்பாலும் சூடான மேல்பகுதியில்தான் தொடங்கும். அந்த அடுக்கு காலியானால் நியூட்ரான்கள் மேலே தப்பி, அங்குள்ள உறிஞ்சு தகட்டில் சிக்கிவிடும். கோரின் உட்பகுதியில் நடுவே பிளவுறாத யுரேனியத் தட்டும் வைத்தார்கள். மொத்த சோடியமும் காலியானாலும் தொடர்வினை ஏறக் கூடாது என்பதே இலக்கு. 2019-ல் திட்டம் கைவிடப்பட்டது. யுரேனியம் மலிவாகக் கிடைக்கும்போது அவசரம் இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

கோர் தானாகவே அடங்கும் என்பது வெறும் பேப்பர் கணக்கு அல்ல. 1986 ஏப்ரல் 3, அமெரிக்காவின் இடாஹோ. இபிஆர்-2 என்ற சிறிய சோடியம் உலை முழுத் திறனில் ஓடும்போதே பம்புகளை நிறுத்தினார்கள். கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கவில்லை. வெப்பம் ஏற, கோர் விரிந்தது. நியூட்ரான்கள் தப்பின, உலை தானே அடங்கியது. 23 நாள் கழித்துத்தான் செர்னோபில் நடந்தது.

ஆனால் அது சின்ன உலை என்பதை மறந்துவிடக் கூடாது. கல்பாக்கம் உலையின் கோர் பல மடங்கு பெரியது. சோடியம் காலியானால் தொடர்வினை ஏறும் தன்மை அதற்கு உண்டு. இயற்பியலாளர் எம்.வி. ரமணா போன்றவர்களின் விமர்சனம் இதை ஒட்டியதே. வடிவமைத்தவர்கள் தரப்பு வாதம் வேறு: சூடேறினால் எரிபொருளே கூடுதல் நியூட்ரானை விழுங்கும், உலையை நிறுத்த இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு, எனவே கொதிப்பு வரை போகவே போகாது. இரண்டு தரப்பும் ஒரே இயற்பியலைத்தான் பேசுகின்றன. விபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதில்தான் சண்டை.

தட்டையாகவே கட்டிவிட வேண்டியதுதானே? அதற்கு விலை உண்டு. நியூட்ரான் தப்பினால் அதிக புளூட்டோனியம் தேவைப்படும், புது எரிபொருள் ஈனுவதும் குறையும். ஈனுலை கட்டுவதே அதற்காகத்தான். இந்தியா அடுத்து போக நினைக்கும் உலோக எரிபொருளிலும் இதே இழுபறிதான். வெப்பத்தை நன்றாகக் கடத்தும், வேகமாக ஈனும். ஆனால் சோடியம் காலியாகும்போது தொடர்வினை ஏறும் போக்கு, இப்போதைய ஆக்சைடு எரிபொருளைவிட அதில் அதிகம்.