நூறு என்றால் எத்தனை பேர்?

அபிவிருத்திக் கூட்டங்களில் இப்போது வண்ண வரைபடம் ஒன்று காட்டப்படுவதுண்டு. எந்த மாகாணத்தவர் இணையத்தில் எதை அதிகம் தேடுகின்றனர் என்பதைச் சொல்லும் ‘கூகுள் ட்ரென்ட்ஸ்’ வரைபடம் அது. ஒரு மாகாணத்துக்கு 100, இன்னொன்றுக்கு 40 என்றிருந்தால், அது ஆட்களின் தொகை அல்ல. பின் என்ன?

ஒரு குளத்தின் கீழ் இரண்டு கிராமங்கள் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கிராமத்தின் 20 குடும்பங்களில் 10 குடும்பங்கள் விதைநெல் கேட்கின்றன. பெரிய கிராமத்தின் 200 குடும்பங்களில் 40 கேட்கின்றன. முன்னதில் பாதி, பின்னதில் ஐந்தில் ஒரு பங்கு. பங்கு கூடிய கிராமத்துக்கு 100 என்றால், மற்றதற்கு 40. ஆனால் விதைநெல் நான்கு மடங்கு வேண்டியது பெரிய கிராமத்துக்கே! கூகுளும் இப்படியே, ஓரிடத்தின் மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லுக்குரிய பங்கையே ஒப்பிடுகிறது.

ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை இயேசு மதித்ததும் பங்கைக் கொண்டே. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மேல் மாகாணத்தில் சுமார் 58 இலட்சம் பேர்; வட மாகாணத்தில் 10 இலட்சத்துக்குச் சற்று அதிகம். தலைகளை மட்டும் எண்ணினால் எமது குரல் அமிழ்ந்துபோகும். ஆகவே பங்கு பயனுள்ள அளவுதான். ஆனால் அதைக் கொண்டு மூடைக் கணக்குப் போடலாகாது.

மொழியையும் கவனிக்க வேண்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நாடெங்கும் கமக்காரர் கலங்கினர். ‘உரம்’ என்ற தமிழ்ச் சொல்லை மட்டும் பார்ப்பவருக்கு, ‘பொஹொர’ என்று சிங்களத்தில் தேடிய அனுராதபுரக் கமக்காரனின் கவலை தெரியாது. மாகாணக் கணக்கில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்துவிடுகின்றன. கனடாவிலிருந்து பிள்ளை எமது ஊரைத் தேடினால் அது கனடாவின் கணக்கு. தேடல் மிகக் குறைவாயின் 0 என்று வரும்; அதற்குத் தேவை இல்லை என்பது பொருளன்று.

கூகுளே இதில் இடறியது. தேடல்களைக் கொண்டு அமெரிக்காவில் சளிக்காய்ச்சலைக் கணிக்க 2008 இல் முயன்றது. 2012–13 குளிர்காலத்தில் அந்தக் கணிப்பு உண்மை நிலையைவிட மிக அதிகமாகப் பிழைத்தது. 2015 இல் அம்முயற்சி நிறுத்தப்பட்டது.

2017 இல் கேப்பாப்புலவு மக்கள் தம் காணிகளைக் கேட்டு வீதியோரத்தில் இருந்தார்கள். வெயிலிலும் பனியிலும் இருந்த அந்தத் தாய்மாரின் கோரிக்கையை எந்தத் தேடல் வரைபடம் காட்டும்?

ஆகவே, அன்பான கமக்காரக் குடும்பங்களே, வரைபடம் காட்டப்படும்போது துணிந்து கேளுங்கள்: இது பங்கா, தொகையா? எந்த மொழியில் தேடியது? தேடாதவர்கள் யார்? கேட்பதோடு நில்லாமல், உங்கள் கமக்காரர் அமைப்பின் கொப்பியில் எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், என்ன தேவை என்று நீங்களே எழுதி வையுங்கள். அந்தக் கணக்கைக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். வரைபடத்தில் விழாத வீடும் அதில் இருக்கும்.