கண்ணுக்கு எட்டாத ஒளியில் ஒரு தென்னந்தோப்பு

1970 வாக்கில் கேரளத் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் பறந்தது. அதிலிருந்த கேமராவில் அகச்சிவப்பு ஒளியைப் பதியும் ஃபிலிம். வேர்வாடல் நோய் பிடித்த மரங்களை மேலிருந்தே இனங்காண முடியுமா என்று பார்க்கும் முயற்சி அது. தலைமை தாங்கியவர் கொல்லங்கோட்டில் பிறந்த வானிலை விஞ்ஞானி பி.ஆர். பிஷாரடி. நோய் கண்ட மரங்களைப் படத்தில் பிரித்தறிய முடிந்தது. இந்தியாவில் தொலையுணர்வு அந்தத் தோப்புகளில்தான் தொடங்கியது என்பார்கள்.

இந்த ஃபிலிமில் செழிப்பான மரம் சிவப்பாக விழும். பச்சை மரம் சிவப்பாவது எப்படி?

சூரியனிலிருந்து நமக்கு வருவது மின்காந்த அலை. அதில் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட சிறு துண்டுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிடக் குட்டையானவை புறஊதாவும் எக்ஸ் கதிரும்; நீளமானவை அகச்சிவப்பு, மைக்ரோவேவ், ரேடியோ அலைகள். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. அகச்சிவப்பு அப்படித்தான் அகப்பட்டது.

இலைக்கு வருவோம். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நாம் பார்ப்பது அந்தக் கொஞ்சத்தைத்தான். 0.7 மைக்ரோமீட்டரைத் தாண்டியதும் நிலைமை தலைகீழ். பச்சையத்துக்கு அந்த ஒளி வேண்டாம். இலைக்குள் இருக்கும் செல்சுவர்களிலும் காற்றிடைவெளிகளிலும் பட்டுச் சிதறி, பாதியளவுக்கு வெளியே வந்துவிடுகிறது. நம் கண் மட்டும் அகச்சிவப்பைப் பார்க்குமானால் வயலும் காடும் பளீரென்று மின்னும். செடி வாடினால் இந்த உள்ளமைப்பு குலைகிறது, மினுமினுப்பு மங்குகிறது. சில சமயம் இலை மஞ்சளாவதற்கு முன்பே மங்கிவிடும். இந்த அகச்சிவப்பைத்தான் அந்த ஃபிலிம் சிவப்பாகக் காட்டியது.

இன்று ஃபிலிமுக்குப் பதில் எண்கள். தழைத்த பயிர் சிவப்பொளியில் 5 சதவீதமும் அகச்சிவப்பில் 45 சதவீதமும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் வித்தியாசமான 40-ஐக் கூட்டுத்தொகையான 50-ஆல் வகுத்தால் 0.8. காயும் பயிரில் இவை 20, 30 ஆகிவிட்டால் விடை வெறும் 0.2. உலகமெங்கும் பயிரையும் வறட்சியையும் கணிக்கப் பயன்படும் தாவரக் குறியீடு இந்தப் பள்ளிக்கூடக் கணக்குதான். இவ்வளவு எளிய சூத்திரம் இத்தனை தூரம் பயன்படுவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும்? 1988 மார்ச் 17-ல் ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோளின் ஒரு கேமராவுக்குப் படத்தின் ஒரு புள்ளி 72.5 மீட்டர் சதுரம். ஒன்றேகால் ஏக்கருக்கும் மேல். இப்போது இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பிய சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு புள்ளிக்குள் இரண்டு தென்னை அடங்கிவிடும். ஆகவே ஒற்றை மரத்தின் நோயை அதில் தேடக்கூடாது; தோப்பின் போக்கைத்தான் பார்க்கலாம்.

எல்லா அலைகளையும் காற்றுமண்டலம் கீழே விடாது. நீராவி, கரியமிலவாயு, ஓசோன் ஆகியவை ஆளுக்கொரு பகுதியை மறித்துக்கொள்கின்றன. திறந்திருக்கும் சன்னல்கள் வழியாகத்தான் செயற்கைக்கோள் பார்க்கிறது. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை அப்படி ஒரு சன்னல். பூமி தன் வெப்பத்தை அதிகமாக வெளியிடுவதும் 10 மைக்ரோமீட்டரை ஒட்டியே. அதனால் சூரியன் இல்லாத இரவிலும் நிலத்தின் வெப்பத்தை அளக்க முடிகிறது.

மேகத்திடம் மட்டும் இவை எதுவும் செல்லாது. சம்பா பயிர் நிற்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காவிரி டெல்டாவை மேகம் மூடிக்கிடக்கும், படமெல்லாம் வெள்ளை. அங்கேதான் ரேடார் தேவைப்படுகிறது. அது சூரியனை நம்பாமல், தானே மைக்ரோவேவ் அலையை அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், நாசாவின் 24 சென்டிமீட்டர் அலை ரேடாரையும் அதைவிடக் குட்டையான அலையில் இயங்கும் இஸ்ரோவின் ரேடாரையும் சுமந்து செல்கிறது. இந்த அலைகளுக்கு மேகம் ஒரு தடையே இல்லை.

நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல், அலையைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் திருப்பிவிடுவதால் ரேடார் படத்தில் கறுப்பாக விழும். தூர் கட்டிப் பயிர் உயர உயர வெளுக்கும். கறுத்து வெளுக்கும் இந்த வரிசையை வைத்து நெல் வயலைப் பிரிக்கிறார்கள். ஆனாலும் தண்ணீரில் வளர்வதெல்லாம் நெல்லாகிவிடாது; கோரை மண்டிய பள்ளமும் ஏமாற்றும். எனவே ஜி.பி.எஸ். கருவியோடு வரப்பில் நடந்து, எந்தப் புள்ளியில் என்ன பயிர், எத்தனை நாள் பயிர் என்று சிலர் குறித்து வருகிறார்கள். அந்தக் குறிப்போடு ஒப்பிட்ட பிறகே நெல் வரைபடம் வெளியிடத் தக்கதாகிறது.