யாரைக் கேட்டுக் கையெழுத்திட்டார்கள்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். சென்ற தவணை, ‘என் குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது ஒரு மாணவன் பாதியில் எழும்பி நின்றான். “சேர், எங்க தாத்தாவோட கூடப் பொறந்த மூணு பேரும் இந்தியாவுக்குப் போயிட்டாங்க. யாரு போகச் சொன்னது?” ஒப்பந்தம் என்றேன். “அப்ப தோட்டத்துல யார்கிட்டயாவது கேட்டாங்களா?”

அவனுக்கு அன்று சொல்ல முடியாமற்போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

1964 ஒக்டோபர் 30இல் புதுடில்லியில் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். நாடற்றவர்களாக இருந்த 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். கணக்குச் சரிதான். ஆனால் ஒரே லயத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்ததை அந்தக் கணக்கு சொல்லாது.

ஏன் யாரும் கேட்கவில்லை? சோல்பரி யாப்பின்படி வெளிவிவகாரம் பிரதமரின் கையிலேயே இருந்தது. கையெழுத்திடுமுன் பாராளுமன்றத்தின் சம்மதம் பெறவேண்டும் என்ற விதியும் இல்லை. நடைமுறைப்படுத்தும் சட்டம் சபைக்கு வந்தது 1967இல்தான். அதற்கு முந்திய டொனமூர் காலத்திலும் இதே கதைதான். கல்வி, சுகாதாரம் போன்றவற்றை உறுப்பினர்களின் ஏழு நிர்வாகக் குழுக்கள் கவனித்தன. வெளிவிவகாரமோ பிரதம செயலாளரிடம் தனியாக இருந்தது. 1977இல்தான் தனி வெளிவிவகார அமைச்சர் வந்தார். அவர் ஹாரிஸ்பத்துவ உறுப்பினர் ஏ.சி.எஸ். ஹமீத் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே.

அமைச்சர் வந்தது ஒன்று. அமைச்சைக் கேள்வி கேட்க ஓர் இடம் வருவது வேறொன்று. பள்ளிவாசல் நிர்வாக சபையின் கணக்கை அந்தச் சபையே பரிசோதித்தால் ஜமாஅத்தார் ஒப்புவார்களா? நமது பாராளுமன்றத்தின் ஆலோசனைக் குழுக்களுக்கு அந்தந்த அமைச்சரே தலைவர். இந்தக் குறையை உணர்ந்துதான் 2015இல் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றுக்கு அமைச்சரல்லாத உறுப்பினரே தலைவர். சர்வதேச உறவுகளும் அவற்றின் வரம்புக்குள் வந்தன.

இப்படிப்பட்ட குழுவின் வேலை மூன்று: அதிகாரிகளை அழைத்து விசாரிப்பது, ஆவணங்களைக் கேட்டுப் பார்ப்பது, கண்டதை அறிக்கையாக வெளியிடுவது. பிரித்தானியாவில் 1979 முதல் இயங்கும் வெளிவிவகாரக் குழு, 2011 லிபியத் தலையீட்டை ஆராய்ந்து 2016இல் அறிக்கையிட்டது. பொதுமக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று தன் அரசையே அது குறை சொன்னது. இந்தியாவிலும் 1993 முதல் வெளிவிவகார நிலைக்குழு, அமைச்சின் செலவு மதிப்பீட்டை வருடந்தோறும் ஆராய்கிறது.

குழு ஒப்பந்தத்தைக் கிழித்தெறிய முடியாது. குண்டு விழுந்தபின் வந்த அறிக்கை லிபியாவைக் கட்டியெழுப்பவும் இல்லை. ஆனால் கேள்வி பதிவாகும். அடுத்த தடவை கையெழுத்திடுபவர் ஒருமுறை யோசிப்பார். 1964இல் அப்படியொரு குழு இருந்து, ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணையாவது சாட்சியாக அழைத்திருந்தால், எண்ணிக்கைக்குப் பின்னால் குடும்பங்கள் இருப்பது ஏட்டிலாவது ஏறியிருக்கும்.

இது பழங்கதை மட்டுமல்ல. இன்று நம் தோட்டங்களிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் கிடைக்காதபோது, கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டபோது நமது தூதரகம் என்ன செய்தது? அமைச்சின் செயலாளரை இருத்தி இதைக் கேட்கக்கூடிய இடம் அந்தக் குழு.

ஆகவே வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம், ரோட்டும் கூரைத் தகரமும் கேட்பதோடு இதையும் கேட்போம்: “நீங்க எந்தக் குழுவுல இருக்கீங்க? போன கூட்டத்துல என்ன கேட்டீங்க?”

அந்த மாணவனிடம் அடுத்த நாள், “யார்கிட்டயும் கேக்கல தம்பி” என்றேன். கட்டுரையின் கடைசி வரியாக அவன் அதையே எழுதி வைத்தான்.