லீவு பெண் பிள்ளைகளுக்கும்தான்!

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் அடைத்தாகி விட்டது. "எம்மா, எங்கயாவது போவோம்மா!" என்ற பல்லவி காலைக் காப்பியோடு தொடங்கி விடும். ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்ப எல்லோராலும் முடியுமா? முடியாவிட்டால் என்ன, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய் இறங்குகிற இடங்களே பிள்ளைகளுக்குப் போதும். அதிலும் 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு, பஸ் செலவு ஒரு சாக்கே இல்லை.

எனக்கு இரண்டும் பெண்கள். மூத்தவளுக்குப் பதினொன்று, இளையவளுக்கு எட்டு. பெண் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதென்றால் வீட்டில் மூன்று தடை வரும். "வெயில்ல அலைஞ்சா கறுத்துப் போவா" என்பார் ஆச்சி. "கடல்ல இறங்காத, ஓரமா நில்லு" என்பார்கள் மற்றவர்கள். மூன்றாவதைச் சொல்வது நாமேதான்: "ரொம்பத் தண்ணி குடிக்காத, வழியில ஒதுங்க இடம் இருக்காது." இந்த மூன்றிலும் உடம்பைக் கெடுப்பது கடைசித் தடைதான்.

எங்கே போகலாம்?

எங்கள் சாத்தான்குளத்திலிருந்து உடன்குடிப் பக்கம் போனாலே இரண்டு பக்கமும் பனங்காடு. பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் பதநீர்க் காலம். காலை வெயில் ஏறுமுன் பனையோலைப் பட்டையில் பதநீர் வாங்கி, நுங்கைப் போட்டுக் குடித்தால் அதுவே பாதி சுற்றுலா! "இது ஏம்மா புளிக்கல?" என்று என் மூத்தவள் கேட்டாள். கலயத்தின் உட்புறம் தடவுகிற சுண்ணாம்புதான் புளிக்க விடாமல் காக்கிறது என்று பனையேறும் பெரியவரே விளக்கினார். அதைக் காய்ச்சித்தான் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் குட்டி ரயிலே ஓடியது. திசையன்விளையையும் திருச்செந்தூரையும் குலசேகரன்பட்டினம் வழியாக இணைத்த அந்த ரயில் 1940-ல் நின்று போனது. இன்றைக்கு அதே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பஸ் ஜன்னலோரம் இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் தூங்கவே மாட்டார்கள்.

அடுத்தது மணப்பாடு. கடலோர மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகை அங்கே இருக்கிறது. கடலை ஒட்டிய அந்தக் குகைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு! ஊர்ப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. ஓலை முடையும் கை வேகத்தைப் பெண் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

திருச்செந்தூரைச் சொல்லவே வேண்டாம். பன்னீர் இலையில் வைத்துத் தரும் விபூதி, கடற்கரையிலேயே இனிக்கும் நாழிக்கிணறு, வள்ளி குகை என்று சுற்றவே ஒரு நாள் போய்விடும். சங்குக் கடையில் முத்து மாலை கேட்டால், இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல் என்று சொல்லுங்கள்.

கடலில் இறங்கலாமா?

தாராளமாக இறங்கட்டும், ஆனால் பக்குவமாக. என் கொழுந்தனார் பையன்கள் அலையில் புரள்வதைப் பார்த்து இளையவள், "அண்ணன்மார் மட்டும் குளிக்காங்க, நாங்க மட்டும் நிக்கணுமா?" என்றாள். நியாயம்தானே! பாவாடை நனைந்தால் காலைச் சுற்றி இழுக்கும். முழங்கால் வரை கால்சட்டையும் பனியனும் போட்டு விடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். சின்னவர்களுக்கு முழங்கால் ஆழத்துக்கு மேல் வேண்டாம். திருச்செந்தூரில் கடல் உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரியும் நாட்கள் உண்டு. அவற்றின் மேல் பாசி வழுக்கும், போகாதீர்கள். காலை ஒன்பது மணிக்குள் குளித்து முடித்தால் கறுப்பதும் இல்லை, தலைவலியும் இல்லை. அப்படியே கொஞ்சம் கறுத்தால்தான் என்ன? ஒரு மாதத்தில் தானே சரியாகிவிடும்.

தண்ணீர் குடிக்கட்டும்!

பஸ்ஸில் போகிறோமே என்று தண்ணீரைக் குறைத்து, வந்ததையும் அடக்கி வைத்தால் அவதிப்படுவது பிள்ளைதான். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் நீளம் குறைவு. கிருமி எளிதாக உள்ளே ஏறிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து அவ்வப்போது போனால் கிருமி வெளியேறும். அடக்கினால் உள்ளேயே பெருகும். போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தால், "சூட்டுக் கடுப்பு" என்று வெந்தயம் மட்டும் கொடுத்துக் கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் செய்வது இதுதான்:

● புறப்படுமுன் எல்லோரும் ஒரு தடவை போய் வர வேண்டும். பஸ் ஸ்டாண்ட், கோயில், சர்ச் எங்கே இறங்கினாலும் முதலில் கழிப்பிடம் எங்கே என்று விசாரித்துக் கொள்வேன். கேட்பதில் வெட்கம் என்ன?

● பையில் ஒரு சின்னக் குவளை, சோப்பு, இரண்டு மாற்று ஜட்டி இருக்கும். சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னாகச் செய்யப் பழக்கியிருக்கிறேன்.

● பழைய வாயில் புடவை ஒன்று கட்டாயம். விரித்து உட்கார, மறைப்புப் பிடிக்க, ஈர உடை மாற்ற எல்லாவற்றுக்கும் உதவும்.

● தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அரை மணிக்கு ஒரு தடவை நாலு மடக்குக் குடிக்கச் சொல்வேன். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

கட்டுச் சோறு

அன்றைக்கு ஒரு நாளாவது அம்மாவுக்கும் லீவு வேண்டும். விடிய விடிய ஏழு வகை சமைக்காதீர்கள். மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லி, முந்தின இரவே கிளறிய புளியோதரை, வெள்ளரிக்காய் போதும். தேங்காய் சேர்த்த சட்னியும் துவையலும் வெயிலில் ஊசிப் போகும். தயிர் சாதத்துக்குப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி மோர் விட்டால் மதியத்துக்குப் புளிக்காது. குடிக்க எலுமிச்சை பிழிந்த கருப்பட்டிப் பானகம். இனிப்பு கேட்டால் சில்லுக்கருப்பட்டியோ எங்கள் பக்கத்து முதலூர் மஸ்கோத் அல்வாவோ இருக்கவே இருக்கிறது!

வெயில் தாக்கினால்

பதினொன்று முதல் மூன்று மணி வரை நிழலில் இருங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பிள்ளை பிதற்றினாலோ துவண்டாலோ அது ஆபத்து. நிழலில் படுக்க வைத்து, உடைகளைத் தளர்த்தி, ஈரத் துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறிக் கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பெண் பிள்ளைகள் வளர வளர, வெளியே போகும் நாட்கள் தானாகவே குறைந்து விடுகின்றன. இப்போதே அலையில் நனையட்டும், மணலில் ஓடட்டும். இந்த லீவுக்குள் ஒரு நாளைக் குறித்து வையுங்கள் சகோதரிகளே. கிளம்பும்போது உங்களுக்கென்று தனியாக ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொள்ள மறக்காதீர்கள். நாம் குடிப்பதைப் பார்த்துத்தானே அவர்களும் குடிப்பார்கள்!